அரிசிப் பானையும் ஆழாக்கும்

(பொன்விழா ஆண்டின் ஞாயிறு உரைகளில் ஒன்றாக, பங்கு மண்டபத்தில் ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)

 

சர்க்கரை நோயைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டபோது நாங்கள் தயங்கினோம். நாங்கள் டாக்டர்கள் அல்லோம். எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மற்றவர் நாற்பது ஆண்டுகளாக அடுக்களையை ஆள்பவர். ஆயினும் நோய் வந்தது ஒருவருக்கு, சமைப்பது மற்றவர் என்பதால், இருவரும் சேர்ந்தே பாடம் படிக்க நேர்ந்தது. படித்ததை விடப் பட்டது அதிகம். பட்டதைச் சொல்லலாமே என்றுதான் இங்கே வந்து நிற்கிறோம்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம். கண்ணாடி மாற்றப் போன இடத்தில், "எதற்கும் சர்க்கரை பார்த்துவிடுங்கள்" என்றார்கள். வெறும் வயிற்றில் 182. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 290. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனையில் 9.1. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருப்பதே நலம். 126-ஐத் தொட்டால், மறு சோதனையிலும் அப்படியே இருந்தால், நோய். மூன்று மாதச் சராசரி 6.5-ஐத் தொட்டாலும் அப்படியே. நாங்களோ எல்லைக்கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தோம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கொஞ்சம் அசதி, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பது. அதையும் வயது என்று தள்ளிவிட்டோம்.

அன்று வீடு திரும்பியபோது நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இருவர் மனத்திலும் ஒரே நினைவுதான். எங்களில் ஒருவரின் தாயார் கடற்கரையில் ஒரு சிப்பியை மிதித்தார்கள். காலில் உணர்ச்சி இல்லாததால் குத்தியதே தெரியவில்லை. மூன்றாம் நாள் புடவையில் ஒட்டிய சீழைப் பார்த்துத்தான் தெரிந்தது. அது 1994. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நம் கோயிலின் கடைசிப் பெஞ்சில், தூண் ஓரத்தில், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி நோயைப் பற்றி நாங்கள் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம். நாம் உண்ணும் சோறு, இட்லி, சப்பாத்தி, கிழங்கு எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிறது. அது இரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பின் தசைகளுக்குள் சேர்ப்பது கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்லுக்கு உடம்பு சரியாகக் கீழ்ப்படிவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து பார்த்து, ஒரு நாள் களைத்துப் போகிறது. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது.

ஒரு கணக்கு எங்கள் கண்ணைத் திறந்தது. நம் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்றால், 100 மில்லி இரத்தத்தில் 100 மில்லிகிராம் என்று பொருள். அப்படியானால் உடம்பு முழுவதிலும் உள்ள இரத்தத்தில் இருப்பது 5 கிராம் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான்! எங்கள் வீட்டு மதியச் சோற்றை ஒரு நாள் தராசில் வைத்தோம். 400 கிராம் இருந்தது. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஆக, ஒரு வேளைச் சோற்றில் 110 கிராமுக்கு மேல், இருபத்திரண்டு தேக்கரண்டி. காப்பியில் அரைக் கரண்டிச் சீனியைக் குறைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்!

எங்கள் அறியாமைகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முதல் வாரம் சீனியை நிறுத்திக் கருப்பட்டிக்கு மாறினோம். பனையிலிருந்து வருவது கெடுதல் செய்யாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரையே. இரத்தத்துக்கு அதன் நிறம் தெரியாது. இரண்டாம் வாரம் இரவுச் சோற்றை நிறுத்தி நான்கு சப்பாத்தி. ஒரு சப்பாத்தியில் 18 முதல் 20 கிராம் மாவுச்சத்து உண்டு; நான்கைக் கூட்டிப் பாருங்கள். அடுத்துக் கேழ்வரகுக் கூழ். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, நல்ல தானியந்தான். ஆனால் அதிலும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தே. கூழாய்க் கரைத்துச் செம்பு செம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நாடு முழுவதும் ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். அதே ஆய்வாளர்கள் 2025-இல் சொன்னது: நம் மக்கள் உணவிலிருந்து பெறும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்டால் மட்டும் போதாது. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதத்தைச் சேர்த்தால்தான் ஆபத்து குறைவதாகத் தெரிகிறது என்றும் கண்டார்கள். தானியத்தை மாற்றினால் போதும் என்ற எங்கள் தவறுக்கு அங்கே விடை கிடைத்தது.

எவ்வளவு குறைப்பது? 2022-இல் அவர்கள் 18,090 பேரின் உணவை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: புதிதாக நோய் கண்டவர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதத்தை ஒட்டி உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்பு உண்டு. அதாவது, அரிசிப் பானையை உடைத்தெறிய வேண்டியதில்லை. அதில் போடும் ஆழாக்கைக் குறைத்தால் போதும். வெளிநாட்டில் சிலர் இதைவிட மிகக் குறைவாக உண்டும் பயன் கண்டிருக்கிறார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க முடிவதே நமக்கு ஏற்ற முறை.

எங்கள் வீட்டில் முன்பு நாளொன்றுக்கு மூன்று ஆழாக்கு அரிசி வெந்தது. இப்போது ஒன்று. காலையில் புட்டும் பழமும் போயின. இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும், அல்லது ஒரு கிண்ணம் அவித்த சிறுபயறு. பயற்றிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் புரதமும் நாரும் உடன் இருப்பதால் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. மதியம் முதலில் காய்கறி: முருங்கைக் கீரையோ, புடலங்காயோ, வெண்டைக்காயோ, அவரையோ இரண்டு கிண்ணம். பிறகு மீன். கடைசியாகச் சோறு, ஒரே ஒரு கிண்ணம், 150 கிராம். இந்த வரிசையில் உண்டாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. மாலையில் சீனியில்லாக் காப்பியும் ஒரு பிடி வறுத்த கடலையும். இரவில் ஒரு தோசை, கூடவே முட்டையோ மீனோ பனீரோ. மரச்சீனிக் கிழங்கு ஆசை வந்தால், அன்று சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கு. சோற்றோடு கிழங்கு இல்லை. சாப்பிட்ட பின் கோயிலைச் சுற்றிப் பதினைந்து நிமிட நடை.

கடற்கரை மக்களாகிய நமக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. நம் வீட்டு வாசலுக்கே வரும் சாளை மீனில் மாவுச்சத்து இல்லை. நல்ல புரதமும் நல்ல கொழுப்பும் உண்டு. பணக்காரர் உணவு என்று யாரும் தயங்க வேண்டாம். ஆனால் மாவைக் குறைத்தோம் என்பதற்காகத் தேங்காய் எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிக்கக் கூடாது, இதயத்துக்கு ஆகாது. கருவாட்டில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் விலக்குவது நல்லது.

இப்போது நாங்கள் செய்த பெரிய தவற்றைச் சொல்ல வேண்டும். இதற்காகவே இந்த மேடைக்கு வர ஒப்புக்கொண்டோம் என்றாலும் பொருந்தும். டாக்டர் இரண்டு வகை மாத்திரை கொடுத்திருந்தார். அதில் ஒன்று கிளிமெபிரைடு; கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. நாங்கள் ஆர்வக் கோளாறில், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரே நாளில் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினோம். மூன்றாம் நாள் காலைத் திருப்பலியில், வாசகம் முடியுமுன், கைகள் நடுங்கின, சட்டை வியர்வையில் நனைந்தது, பேச்சு குழறியது. மாரடைப்பு என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். சக்கிறிஸ்தியில் உட்கார வைத்துப் பார்த்தபோது சர்க்கரை 54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நம் பங்கிலுள்ள ஒரு செவிலியர் சகோதரி மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார். 88. அன்று அவர் அங்கே இல்லாதிருந்தால் இன்று இந்த உரை இல்லை.

ஆகவே கவனமாகக் கேளுங்கள். இன்சுலின் ஊசியோ இத்தகைய மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்குமுன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தைக் குறைப்பது அவர் வேலை. டபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை உண்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எங்களைப் பார்த்து எதையும் செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை நோய்க்கு இன்சுலினே உயிர். அதை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது. மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எங்கள் டாக்டர் கோபிக்கவில்லை. கிளிமெபிரைடை நிறுத்தினார், உணவு முறையைத் தொடரச் சொன்னார். செப்டம்பரில் சராசரி 7.4, டிசம்பரில் 6.6; அடுத்த ஆண்டு ஜூனில் 6.2. எடை 78 கிலோவிலிருந்து 70-க்கு வந்தது. நோய் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. மருந்தே இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் 6.5-க்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்தது என்பார்கள். நாங்கள் இன்றும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் விழித்திரையும் சிறுநீரும் பாதமும் சோதித்துக்கொள்கிறோம். பாதத்தை நாங்களே தினமும் இரவில் பார்க்கிறோம். ஒருவர் பாதத்தை மற்றவர். அப்போதெல்லாம் அந்தத் தூண் ஓரத்து அம்மா நினைவுக்கு வருகிறார்கள்.

பங்கு மக்களிடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறோம்.

முதலாவது, ஒறுத்தல் பற்றியது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருப்பது திருச்சபை ஒழுங்கு. ஆனால் தண்ணீரும் மருந்தும் அதற்கு விலக்கு. முதியோரும் நோயாளிகளும் அந்த நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 919 கூறுகிறது. சர்க்கரை குறையும்போது நாணத்தாலும் பயத்தாலும் பையிலுள்ள சீனியைத் தொடாமல் இருக்காதீர்கள். பெரிய வெள்ளியன்று வயிற்றைக் காயப்போட்டுவிட்டு மாலையில் மூன்று கிண்ணம் கஞ்சி குடிப்பது சர்க்கரை நோயாளிக்கு ஒறுத்தல் ஆகாது. இரண்டு பக்கமும் கெடுதல்.

இரண்டாவது, வரப்போகும் திருவிழா அசனம். இலையில் சோற்றை மலையாய்க் குவித்து, "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவது நம் அன்பின் அடையாளம். அதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் ஒருவர் கையை மறித்து "போதும்" என்றால், அந்தக் கையை நம்புங்கள். அவருக்கு ஒரு கரண்டிச் சோற்றுக்குப் பதிலாக ஒரு கரண்டிக் காய்கறி வையுங்கள்.

மூன்றாவது, முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது சோதித்துப் பாருங்கள். தாய் தந்தையருக்கு இருந்தால் இன்னும் அவசியம். கைவிரலில் ஒரு துளி இரத்தம், அவ்வளவுதான் செலவு.

சமையலறையில் நிற்கும் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் அவருக்கு மட்டும் பத்தியம் வைத்து, மற்றவர்கள் முன்பு உண்டதையே உண்டால், அவர் தனித்துப் போகிறார். திருடித் தின்னவும் தொடங்குகிறார். எங்கள் வீட்டில் இருவருக்கும் ஒரே பானை, ஒரே ஆழாக்கு. நோய் ஒருவருக்கு வந்தது. நன்மை இருவருக்கும் வந்தது.