மாதவிடாய் நிற்கும் வயது: பேரை வெட்டிக்கொள்ள அவசரப்படாதீர்கள்

(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் இந்தச் சங்கத்தில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது பீலிக்கரையில் மட்டும் மெதுவாகப் பேசிக்கொள்கின்ற விஷயம். மாதவிடாய் நிற்கின்ற காலத்தைப் பற்றி. ஆண்கள் எழுந்து போக வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இந்த வயதைக் கடக்கத்தான் போகிறாள்.

இதைச் சங்கத்தில் ஏன் பேச வேண்டும்? 48, 50 வயதில் பல பெண்கள், "உடம்பு முடியவில்லை, பேரை வெட்டிவிடுகிறேன்" என்று வேலையை விடுகிறார்கள். அதில் சிலருக்கு உண்மையான நோய் இருக்கும். ஆனால் பலருக்கு இருப்பது நோயல்ல, ஒரு பருவம். அது கடந்து போகும். வெட்டிய பேர் திரும்பி வராது.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் காரணம். ஒரேயடியாக நிற்பதில்லை. முதலில் தள்ளிப்போகும், சில மாதம் அதிகமாகப் போகும், பிறகு விட்டு விட்டு வரும். 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று சொல்வார்கள். அதுவரை கருத்தரிக்கவும் இடமுண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

இந்தக் காலத்தில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை சூடு ஏறும். வியர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். இராத்திரி தூக்கம் கலையும். மூட்டு வலிக்கும். சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும், அழுகை வரும். இது பைத்தியமும் இல்லை, செய்வினையும் இல்லை. கொடி அறுத்துக் கட்டவும் வேண்டாம், கோழி அறுக்கவும் வேண்டாம்.

நம்முடைய வேலையில் இந்தச் சூடு இன்னும் கஷ்டம். இடுப்பில் படங்கை இறுக்கிக் கட்டி, தலையில் துணி போட்டு, முதுகில் கொழுந்தைச் சுமந்து வெயிலில் நிற்கிறோம். உள்ளே ஏறிய சூடு வெளியே போக வழியில்லை. அதனால் படங்குக்கு உள்ளே நைலோன் துணி வேண்டாம், பழைய பருத்திச் சேலையோ சீத்தைத் துணியோ நல்லது. கொழுந்து நிறுக்கப் போகும்போது படங்கை அவிழ்த்து ஐந்து நிமிடம் காற்று வாங்குங்கள். ஒரு சின்னத் துணியை நனைத்து வைத்துக்கொண்டு கழுத்தையும் முகத்தையும் துடையுங்கள். சூடு ஏறும்போது பதறாமல், மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். கொதிக்கக் கொதிக்கச் சாயத்தண்ணி, அதிகக் காரம், சாராயம் ஆகியவை சிலருக்குச் சூட்டைக் கிளப்பிவிடும். உங்களுக்கு எது கிளப்புகிறது என்று கவனித்து அதைக் குறையுங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலையில் கக்கூஸ் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து வாயை நனைக்காமல் வேலை செய்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்த வயதில் சிறுநீர்ப் பாதை வறண்டு மெலிகிறது. தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் எரிச்சலும் தொற்றும் சுலபமாக வரும். இருமினால், கூடையைத் தூக்கினால் சிறுநீர் சொட்டுகிற அக்காமாருக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ, அதை ஐந்து எண்ணும்வரை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை தளர்த்துங்கள். பத்து தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. கொழுந்து பறித்துக்கொண்டே செய்யலாம், பக்கத்து நிரையில் நிற்கிறவளுக்குக்கூடத் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குப் பலன் கிடைக்கும்.

அடுத்தது எலும்பு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பின் பலமும் வேகமாகக் குறையும். நமக்கோ வழுக்குகின்ற சரிவில் வேலை. விழுந்தால் கை முறியும், இடுப்பு முறியும். மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணியும் என்றால் எலும்பு தாங்காது. விலை கூடிய சத்து மா டின் வாங்கச் சொல்லவில்லை. குரக்கன், முள்ளோடு மென்று தின்னும் நெத்தலிக் கருவாடு, முருங்கைக்கீரை, தயிர், மோர் இவற்றில் கல்சியம் உண்டு. பருப்பு, கௌபி, கடலை, முட்டை தசைக்குப் பலம். லயத்துக்குப் பின்னால் நான்கு அடி நிலம் இருந்தாலும் கீரை போடலாம். சோயா சேர்த்துக்கொண்டால் சிலருக்குச் சூடு கொஞ்சம் குறையும், எல்லோருக்கும் அல்ல.

மாதவிடாய் நிற்பதற்கு முன்பு அதிகமாக இரத்தம் போகிறவர்களுக்கு இரத்தச்சோகை வரும். மலை ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாம் பறிக்கிற கொழுந்துதான், ஆனாலும் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். தூக்கம் வராதவர்கள் பின்னேரத்துக்குப் பிறகு தேநீரை விட்டுவிடுங்கள். தடித்த கம்பளி ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய போர்வை இரண்டு வைத்துக்கொண்டால், வியர்க்கும்போது ஒன்றைத் தள்ளிவிடலாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் அந்தப் புகையிலையை நிறுத்துங்கள். அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

இதெல்லாம் செய்தும் தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து உண்டு. ஹோர்மோன் சிகிச்சையும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர் சோதித்துச் சொல்வார். கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் விற்கிற பெயர் தெரியாத தூளை வாங்கிக் குடிக்காதீர்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதை மட்டும் எல்லோரும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது சாதாரணமாகவும் இருக்கலாம், கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். "திரும்பவும் வந்துவிட்டது, இளமை திரும்புகிறது" என்று சிரித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். நேரத்தோடு போனால் குணப்படுத்தலாம். கட்டி கட்டியாக இரத்தம் போனாலும், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றாலும், இரண்டு கிழமைக்கு மேல் மனம் விட்டுப்போய், செத்தால் தேவலை என்று தோன்றினாலும் அப்படித்தான். காத்திருக்க வேண்டாம்.

அரசாங்கம் சுகவனிதையர் கிளினிக் நடத்துகிறது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். எந்த நாள், எங்கே என்று உங்கள் மருத்துவ மாதுவிடம் கேளுங்கள்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மலையிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் இறங்குகிறோம். நீங்கள் திண்ணையில் உட்காருகிறீர்கள், அவள் விறகு தேடுகிறாள். தண்ணீர் எடுப்பது, விறகு உடைப்பது, ஒரு வேளை சமைப்பது, இதைச் செய்தால் அவளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். கோபப்பட்டால் "வயசு போன பைத்தியம்" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். எந்த மருந்தும் அந்தச் சொல்லை ஆற்றாது.

இனி சட்டம். 50 வயதில் பெண்கள் ஈ.பி.எப். காசு எடுக்கலாம் என்று இருக்கிறது. அதற்காக 50 வயதில் வேலையை விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி 15 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஓய்வு வயது 60. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து வருடம் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேரும். 50 வயதில் பேரை வெட்டினால் பத்து வருடச் சம்பளத்தோடு அந்தப் பத்து வருடப் பணிக்கொடையும் போகிறது. ஆகவே யாராவது "பாட்டி, பேரை வெட்டிக்கொள்" என்று சொன்னால், காகிதத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன்பு தோட்டத் தலைவரிடம் வாருங்கள்.

நல்ல சாப்பாடு, தண்ணீர், ஓய்வு என்று நான் சொன்னதெல்லாம் நம் கையில் மட்டும் இல்லை. மலையில் குடிதண்ணீர் இல்லாமல் எப்படிக் குடிப்பது? கக்கூஸ் இல்லாமல் எங்கே போவது? ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று விஷயத்தை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். ஒவ்வொரு மலையிலும் குடிதண்ணீர். நடந்து போகும் தூரத்தில் பெண்களுக்குக் கக்கூஸ். கிளினிக் நாளில் பேர் வெட்டாமல் போய்வர அனுமதி. பெண்கள் தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு மாதர் தலைவியும், தன் தோட்டத்தில் எந்தெந்த மலையில் தண்ணீர் இல்லை, எங்கே கக்கூஸ் இல்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கிளினிக் திகதியைக் கேட்டு, லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்.