விலை 10 லட்சம், பயிற்சிக்குத் தடை



பந்தாட்டத்துக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். ஆடுகிறவனும் கூலிக்காரன்தானே!

1981-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி 10 லட்சம் பவுண்டு கொடுத்து ஜஸ்டின் ஃபஷானுவை வாங்கியது. அந்த விலை பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர்தான். ஆண்களை நேசிப்பவர் என்று தெரிந்ததும், மானேஜர் பிரையன் கிளஃப் அவரைப் பயிற்சிக்கே வரவிடவில்லை. ஆட்டம் சரியில்லை என்றால் கேட்கட்டும். இதைக் கேட்க இவர் யார்?

1990-ல் ஃபஷானு பத்திரிகையில் பகிரங்கமாகச் சொன்னார். ஆட்டக்காரரான சொந்தத் தம்பியே கைவிட்டார். 1998-ல் தற்கொலை.

அதற்குப் பிறகு, ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன அடுத்த பிரிட்டிஷ் தொழில்முறை ஆண் வீரர் பிளாக்பூல் அணியின் 17 வயது ஜேக் டேனியல்ஸ், ஆண்டு 2022. முப்பத்திரண்டு வருஷம்! நடுவில் ஒருவருமே இல்லையா? இருந்திருப்பார்கள். மானேஜருக்கு மட்டுமா பயந்தார்கள்? பக்கத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த சக ஆட்டக்காரனுக்கும்தான்.