துளையிடும் இயந்திரத்துக்கு மேசையும் தடுப்புச் சட்டமும்

(கோட்டுச்சேரிமேட்டில் தச்சர்களும் படகுத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



கடல் வேலையை முடித்துக்கொண்டு களைப்போடு வந்திருப்பவர்கள் உங்களில் பலர். ஆகையால் முகவுரையில் அதிக நேரம் போக்க நாம் விரும்பவில்லை. எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. பட்டறைகளில் வைத்து உபயோகிக்கும் சிறு துளையிடும் இயந்திரத்துக்கு, மரத்தால் ஒரு மேசையும், அதன்மேல் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு தடுப்புச் சட்டமும் செய்துகொள்வது எப்படி என்பதுதான் அது. சாலையையும் குடிநீரையும் விட்டுவிட்டு இவர் பலகையைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கக் கூடும். அதற்குக் காரணம் உண்டு. அதில் நம்முடைய குற்றமும் கலந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் இடத்தில் நாம் பணியாற்றியபோது, இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்திய மரப் பட்டறைக்கு இத்தகைய இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்கப்பட்டது. மாலை போட்டுப் படம் பிடித்தோம். ‘வழங்கப்பட்டது, உபயோகத்தில் உள்ளது’ என்று அறிக்கையும் எழுதினோம். எட்டு மாதம் கழித்து அவ்வழியே போனபோது இயந்திரம் சாக்குப் போர்த்திய நிலையில் மூலையில் நின்றது. தூண் முழுவதும் துரு. விசாரித்தோம். நீளமான பலகையை அதன் சிறு இரும்புத் தட்டின்மேல் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு துளையிட்டபோது, பிட் மரத்தைக் கவ்விக்கொண்டதாம். பலகை விசிறி போலச் சுழன்று பையன் ஒருவனின் கட்டை விரலை நசுக்கிவிட்டதாம். அன்றுமுதல் அதை யாரும் தொடவில்லை. அந்த விரல் மறுபடி சரியாக மடங்கவே இல்லை. இயந்திரம் கொடுத்தோமே, அது நிற்கவும் மரம் தங்கவும் என்ன வேண்டும் என்று ஒரு நாழிகை உட்கார்ந்து யோசித்தோமா என்ற கேள்வி அன்று நம் மனத்தில் விழுந்தது. இன்றும் அது போகவில்லை.

நாட்டில் சமுதாய நலத் திட்டங்கள் 1952 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கின. அன்று காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் இதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அந்த நாளிலிருந்து பற்பல திட்டங்களின் கீழ்க் கருவிகள் கிராமங்களுக்கு வந்திருக்கின்றன. 2023 செப்டம்பர் 17ஆம் தேதி தொடங்கப்பட்ட பிரதமர் விசுவகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் சேர்க்கப்பட்டன. தச்சு, படகு கட்டுதல், மீன்வலை பின்னுதல் ஆகிய மூன்றும் அவற்றில் உண்டு. கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை உதவி என்பதும் அதில் கூறப்பட்டது. ஆனால் எந்தத் திட்டத்தின் பெட்டியிலும் மர மேசை வைத்து வருவதில்லை. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

கட்டுமரத்தைக் கயிற்றால் பிணைத்த காலத்தில் இங்கே துளைக்கு அவ்வளவு வேலை இருந்திராது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கரையை அடித்துச் சென்ற பிறகு, கண்ணாடி இழைப் படகுகள் மிகுதியாக வந்தன. வீடுகள் புதிதாக எழுந்தன. படகின் இருக்கைப் பலகை, எஞ்சின் தாங்கும் கட்டை, வீட்டின் கதவு, ஜன்னல் என்று எதை எடுத்தாலும் வரிசையாகத் துளைகள் வேண்டியிருக்கின்றன.

துளையிடுவதில் பாதி வேலை பிடித்துக்கொள்வதுதான். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் பழங்காலத்தில் கல்மணிகளுக்குத் துளையிட்டிருக்கிறார்கள். 1945இல் வீலர் அகழ்ந்த இடம் அது. குஜராத்தின் கம்பாத்தில் அண்மைக் காலம்வரை மணித் தொழிலாளிகள் மணியை மரப் பிடியில் இறுக்கி வைத்து, வைரம் பதித்த முனையை வில்லால் சுழற்றித் துளையிட்டு வந்தார்கள். அரிசி போன்ற மணியைக்கூட அவர்கள் விரலால் பிடித்துத் துளையிடவில்லை. நாம் ஐந்தடிப் பலகையைக் கையால் பிடித்துக்கொள்கிறோம்!

இனி செய்முறைக்கு வருவோம். சிறு இயந்திரங்களின் இரும்புத் தட்டு ஒரு சாண் அகலத்தைத் தாண்டுவது அரிது. இரும்புத் துண்டுக்கு அது போதும், மரத்துக்குப் போதாது. ஆகவே 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு ப்ளைவுட் துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். எட்டடிக்கு நாலடித் தாள் ஒன்றில் இத்தகைய துண்டுகள் பதினாறு கிடைக்கும். அதாவது எட்டுப் பட்டறைகளுக்கு மேசை ஆகும். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு தாள் வாங்கினால் செலவு யாருக்கும் கனக்காது. இது கடற்கரை, உப்புக் காற்றும் ஈரமும் மலிவான பலகையை ஒரு மழைக்காலத்தில் பிரித்துவிடும். ஐ.எஸ். 303 முத்திரையுள்ள ஈரம் தாங்கும் வகையையோ, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் ப்ளைவுட்டையோ வாங்குவது நலம். அறுத்த ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் பூச மறக்க வேண்டாம். ஈரம் முதலில் புகுவது ஓரத்தில்தான்.

மேல் துண்டில், பிட் இறங்கும் இடத்தை நடுவாகக் கொண்டு, 8 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அறுத்து எடுத்துவிடுங்கள். கீழ்த் துண்டில் அந்த இடத்தில் விரல் நுழையும் அளவு ஒரு துளை போதும். இரண்டையும் பசை தடவி ஒட்டினால், நடுவில் ஒரு சதுரக் குழி அமையும். அதே கனத்தில் சதுரத் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு அறுத்து வைத்துக்கொண்டு, ஒன்றை அக்குழியில் இறக்குங்கள். பிட் மரத்தைத் துளைத்து வெளிவரும்போது அடியில் சிம்பு பெயராமல் தாங்குவது இத்துண்டுதான். சல்லடையாகிவிட்டால் அடியிலிருந்து விரலால் தள்ளி எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம். மேசை கெடாது.

பின்புற ஓரத்தில் இயந்திரத்தின் தூணுக்கு இடம் விட்டு அரைவட்டமாக வெட்ட வேண்டும். தூணுக்கும் பிட்டுக்கும் உள்ள தூரம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். நாம் சொல்லும் கணக்கை நம்பாமல் அளந்து பாருங்கள். தட்டை ஏற்றி இறக்கும் கைப்பிடியும், பிட்டை இறக்கும் கைப்பிடியும் மேசையில் முட்டாமல் சுற்றுகின்றனவா என்பதையும் வெட்டுமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புத் தட்டிலுள்ள காடிகளின் வழியே நான்கு போல்ட்டுகளால் மேசையை இறுக்கிவிடலாம். அவற்றின் தலை மேசையின் மேற்பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும்.

மேசையின் இருபுறமும், ஓரத்திலிருந்து 7 சென்டிமீட்டர் உள்ளே, முன்பின்னாக 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு காடி வேண்டும். அகலம் 9 மில்லிமீட்டர். இதற்குத் தனி இயந்திரம் தேவையில்லை. கோடு போட்டு, இதே இயந்திரத்தால் நெருக்கமாகத் துளைகள் இட்டு, இடையிலுள்ளதை உளியால் செதுக்கிவிட்டால் முடிந்தது. தலை உருண்டையாகவும் கழுத்துச் சதுரமாகவும் உள்ள 8 மில்லிமீட்டர் போல்ட்டை அடியிலிருந்து செருகினால், கழுத்து காடியில் பிடித்துக்கொள்ளும், போல்ட் சுற்றாது. மேலே இறக்கை போன்ற நட்டைக் கையாலேயே முடுக்கலாம். துருப்பிடிக்காத எஃகு போல்ட் வாங்குவதில் இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தடுப்புச் சட்டத்துக்கு நன்றாக உலர்ந்த தேக்கு அல்லது வேறு கெட்டி மரம், 60 சென்டிமீட்டர் நீளத்தில், 5க்கு 4 சென்டிமீட்டர் கனத்தில் போதும். மரம் தங்கும் முகம் மட்டும் கோடு பிசகாமல் நேராக இருக்க வேண்டும். இழைத்த முகத்தை ஒட்டி ஒரு பலகையில் கோடு கிழித்து, சட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே கோட்டின்மேல் மறுபடி கிழியுங்கள். இரண்டு கோடும் ஒன்றானால் சட்டம் நேர். அம்முகத்தின் அடி விளிம்பை மூன்று மில்லிமீட்டர் சாய்வாக இழைத்துவிட்டால் மரத்தூள் அதில் ஒதுங்கும். இல்லாவிடில் தூள் இடையில் சிக்கி அளவைக் கெடுக்கும். நடுவில் ‘சக்’ இறங்க ஓர் அரைவட்டம் வெட்டிவிடுங்கள். போல்ட்டுக்கான துளைகளில் ஒன்றை உருண்டையாகவும் மற்றதை நீளவாட்டிலும் இடுங்கள்.

ஏன் நீளவாட்டில் என்று கேட்பீர்கள். வாள் இயந்திரத்தின் தடுப்பு வாளுக்கு இணையாக நிற்க வேண்டும். சிறிது கோணினாலும் ஆபத்து. துளை இயந்திரத்தில் அத்தொல்லை கிடையாது. பிட் ஒரு புள்ளிதான். புள்ளிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்றே கணக்கு. சட்டம் மேசையில் சற்றுச் சாய்ந்து நின்றாலும் துளை வரிசை நேராகவே வரும். எனவே ஒரு முனையை முடுக்கி வைத்துவிட்டு, மறுமுனையைத் தட்டித் தட்டி நூல் கணக்கில் தூரத்தைச் சரிசெய்யலாம். அப்போது சட்டம் சாய இடம் கொடுப்பதற்கே அந்த நீளத் துளை.

இயந்திரத்தில் பொருத்தியபின் மேசை பிட்டுக்கு நேர்செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவழித்து மட்டம் வாங்க வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, கம்பி ஒன்றை இரண்டு இடத்தில் மடித்துச் சக்கில் மாட்டி, கையால் மெல்லச் சுற்றுங்கள். கம்பி முனை நான்கு பக்கமும் ஒரே அளவில் மேசையைத் தொட வேண்டும். தொடாத பக்கத்தில் மேசைக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவே தகரத் துண்டு வைத்துத் தூக்கிவிடலாம்.

இதன் பலன் ஜன்னல் வேலையில்தான் நன்றாகத் தெரியும். குறுக்கே கம்பி ஓடும் ஜன்னலில், இரண்டு ஓரச் சட்டங்களிலும் ஒரு நடுச் சட்டத்திலும் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். மூன்றையும் தனித்தனியே அளந்து துளையிடும் தச்சர், கடைசியில் கம்பியைச் சுத்தியால் அடித்து ஏற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். அளவு நாடாவை எத்தனை முறை வைத்தாலும் ஒரு மயிரிழை மாறத்தான் செய்யும். ஆகவே அளப்பதைக் குறையுங்கள். தடுப்புச் சட்டத்தில் ஒரு சிறு கட்டையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, சட்டத்தின் முனையை அதில் முட்டவிட்டு முதல் துளையை இடுங்கள். கட்டையை அசைக்காமல் மற்ற இரண்டு சட்டங்களிலும் அதே துளையை இட்ட பிறகே கட்டையை அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். நீங்கள் நினைத்த 10 சென்டிமீட்டர் ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலும் மூன்றிலும் ஒன்றுபோலவே கூடும். கம்பி தடையின்றி ஓடும். நீளமான வேலைக்குத் தடுப்புச் சட்டத்தின்மேல் ஒன்றரை மீட்டர் ரீப்பர் ஒன்றைத் திருகாணியால் பொருத்தி, கட்டையை அதில் மாட்டலாம். பலகையின் தொங்கும் முனைக்கு மேசை உயரத்தில் ஒரு முக்காலி வைத்துத் தாங்கல் கொடுங்கள்.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் துளைக்கு மரத்தில் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்று வரை போகலாம். இரும்பில் 600 அளவே நல்லது. பெல்ட்டை மாற்றச் சோம்பல் கூடாது. இரும்பு வேலைக்கு மர மேசையைக் கழற்றிவிட்டு வாய்ஸில் இறுக்குங்கள்.

அந்தப் பையனின் விரலை நினைத்துச் சொல்கிறோம். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. மரத்தைக் கவ்வினால் மரமும் அத்திசையிலேயே சுழலும். நீண்ட பகுதி உங்கள் வலப்புறம் இருந்தால் அது உங்கள் வயிற்றை நோக்கி வரும். இடப்புறம் இருந்தால் பின்னே போய்த் தடுப்புச் சட்டத்தில் மோதி நின்றுவிடும். ஆகையால் நீண்ட முனை எப்போதும் இடப்பக்கம் இருக்கட்டும். சிறு துண்டானால் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள். கையுறை கூடாது, சுழலும் பிட் துணியோடு விரலையும் சேர்த்து இழுத்துவிடும். தோளில் தொங்கும் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள். கண்ணாடி இழைத் துண்டுகளைத் துளையிடும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நாம் செய்து கொண்டுவந்த மேசையில் ஒரு குறை இருப்பதையும் சொல்லிவிடுகிறோம். இடப்புறக் காடி முன்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. உளி பிடித்துப் பழகாத கையால் செய்தது. இங்குள்ள தச்சர்கள் இதைவிட நன்றாகச் செய்வார்கள் என்பதில் சந்தேகமில்லை. அளவுகளைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம், வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது இந்த மூன்று சட்டங்களிலும் முதல் துளையை இட்டுக் காட்டுவோம். பிள்ளைகள் சற்றுப் பின்னே நில்லுங்கள். தம்பி, சக்கிலிருந்து சாவியை எடுத்துவிட்டாயா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு சுவிட்சைப் போடு.