போனில் ஓர் எண், வானத்தில் ஒரு நிறம்: எதை நம்புவது?

(போகிப் பண்டிகைக்கு முன்பு நடந்த பொதுமக்கள் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கிற எல்லார் கையிலும் போன் இருக்கிறது. காற்று எப்படி இருக்கிறது என்று தேடினால் உடனே ஓர் எண்ணைக் காட்டிவிடும். ஆனா ஒரு குழப்பம் உங்களுக்கும் வந்திருக்கும். ஒரே ஊர், ஒரே நேரம். ஒரு செயலி 100 என்று இளம்பச்சையில் காட்டுகிறது. இன்னொரு செயலி 150-ஐத் தாண்டிச் சிவப்பில் காட்டுகிறது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் அது வேறு ஏதோ சொல்கிறது. ஜன்னலைத் திறந்தால் வானம் வெளுத்துக் கிடக்கிறது. இதில் எதை நம்புவது? வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளையோ, மூச்சிரைக்கும் பெரியவரோ இருந்தால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

பதில் தெரிய வேண்டுமென்றால் தூசி ஒளியை என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கணக்கு அதிகம் வராது, பயப்படாதீர்கள்.

நீல வானம் எப்படி வெள்ளையாகிறது?

காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியவை. அவ்வளவு சிறிய பொருள் நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். அதனால்தான் சுத்தமான வானம் நீலமாகத் தெரிகிறது.

புகை, வாகனக் கரி, மண்தூசி, கடல் உப்பு, இவையெல்லாம் காற்றில் மிதக்கும் நுண்துகள்கள். விஞ்ஞானிகள் மொத்தமாக 'ஏரோசால்' என்பார்கள். இவற்றில் பல ஒளியின் அலைநீளத்துக்குச் சமமான அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும். அந்த அளவுத் துகள் நீலம், பச்சை, சிவப்பு என்று பெரிதாக வேறுபாடு பார்ப்பதில்லை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும். எல்லா நிறமும் கலந்தால் வெள்ளை. பால் கலந்த மாதிரி வானம் வெளுத்திருந்தால் மேலே துகள் அதிகம் என்று அர்த்தம். ஈரப்பதம் கூடும் நாளில் உப்பு, சல்பேட் போன்ற துகள்கள் தண்ணீரை இழுத்து ஊதிப்போகும். அதனால் தூசியின் எடை கூடாமலே மங்கல் மட்டும் கூடும்.

தூசியில்லாத வானத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. சூரியனை ஆராய ஆய்வுக்கூடம் அமைக்க இடம் தேடியபோது கொடைக்கானல் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2,300 மீட்டருக்கு மேல் உயரம். சமவெளித் தூசியின் பெரும்பகுதி கீழேயே நின்றுவிடும்.

செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது?

போகி அதிகாலையில் புகைக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். ஹைபீம் போட்டால் சாலை தெரியாது, எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கின் ஒளி சாலையைத் தொடும் முன்பே புகையில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்துவிடுகிறது. லோபீமுக்கு மாற்றினால்தான் கொஞ்சமாவது வழி தெரியும்.

செயற்கைக்கோளின் பாடும் அதுதான். அதற்கு விளக்கு சூரியன். சூரிய ஒளி தரையைத் தொட்டு மேலே வரவேண்டும். ஆனால் ஒரு பகுதி தரையைத் தொடாமலே தூசியில் பட்டுத் திரும்பிவிடும். தரையைத் தொட்டு வரும் ஒளியிலும் ஒரு பகுதி வழியில் சிதறிவிடும். கடைசியில் கேமராவுக்கு வந்து சேர்வது தரையும் தூசியும் கலந்த கலவை. அதைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

எவ்வளவு ஒளியைத் தூசி தடுக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. 'ஒளியியல் ஆழம்' என்று பெயர். சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது இந்த அளவு 0.1 என்றால், தூசியைத் தாண்டி நேரடி ஒளியில் 90 சதவீதம் தரைக்கு வரும். அளவு 1 என்றால் 37 சதவீதம்தான் நேராக வரும். 1999-ல் ஏவிய டெரா, 2002-ல் ஏவிய அக்வா என்ற நாசா செயற்கைக்கோள்கள் உலகம் முழுக்க இதை அளந்தவை. நம் நாட்டின் இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று நம் பகுதியைத் தொடர்ந்து பார்க்கின்றன.

கடல் கறுப்பு, அதன்மேல் மிதக்கும் தூசி வெளிச்சமாகத் தெரியும், பிரிப்பது சுலபம். பாலைவனமோ நகரத்துக் கான்கிரீட்டோ அப்படி இல்லை. தரையே வெளிச்சமாக இருப்பதால் தூசி அதில் கரைந்துபோகும். இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். நீல ஒளியில் பார்த்தால் மணல்கூட இருட்டாகத்தான் தெரியும். அதனால் வெளிச்சமான தரைக்கு மேலே நீல ஒளியை வைத்துத் தூசியை எடை போடுகிறார்கள். அப்புறம் தரையிலிருந்து சூரியனை நேரே பார்த்து ஒளி எவ்வளவு குறைந்தது என்று அளக்கும் கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

வானத்திலிருந்து ஏன் நம் மூக்கு தெரிவதில்லை?

இங்கேதான் கவனம் வேண்டும். செயற்கைக்கோள் அளப்பது தரையிலிருந்து வானம்வரை நிற்கிற மொத்தக் காற்றுத் தூணில் உள்ள தூசி. நாம் சுவாசிப்பது அந்தத் தூணின் அடியில் உள்ள காற்றை மட்டும். வெகுதூரத்திலிருந்து வந்த மண்தூசி இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தால், படத்தில் தூசி அதிகம் தெரியும். நம் மூக்குக்கு அது எட்டியிருக்காது.

மார்கழி, தை விடியற்காலையில் இதற்கு நேர்மாறு. தரை குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேலே மூடி போட்ட பாத்திரம் மாதிரி. புகை எழும்ப வழியில்லாமல் தெருமட்டத்திலேயே தேங்கிவிடும். தூணின் மொத்தத் தூசியில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. நம் நெஞ்சுக்குள் போவதோ பல மடங்கு.

இன்னொரு சிக்கல் நேரம். சூரிய ஒளியை வைத்துத் தூசி அளக்கும் செயற்கைக்கோளுக்கு இருட்டில் வேலை இல்லை. போகிக்குப் பழையதைக் கொளுத்துவது விடியும் முன்பு. டெரா மாதிரியான செயற்கைக்கோள் காலை பத்தரை மணியை ஒட்டிக் கடக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதற்குள் வெயில் ஏறி, மூடி திறந்து, புகை கலைய ஆரம்பித்துவிடும். விடிந்த பிறகும் புகையோடு மூடுபனி சேர்ந்திருந்தால் கணினி அதை மேகம் என்று எண்ணி ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஆக, படத்தில் இடம் காலியாக இருந்தால் 'காற்று சுத்தம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'அங்கே அளக்க முடியவில்லை' என்றுதான் படிக்க வேண்டும்.

2018 ஜனவரி 13 போகியன்று புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. செய்தியானது விமானம். ஆனால் அதே புகையைத்தான் அன்று தெருவில் இருந்த எல்லாரும் சுவாசித்தார்கள்.

எண்கள் ஏன் மாறுகின்றன?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலி, தரையில் உள்ள கண்காணிப்பு நிலையங்களின் அளவைக் காட்டுகிறது. பி.எம். 2.5 என்றால் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்கும் குறைவுமான துகள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் அடிவரை போகக்கூடியது.

இந்தத் துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீட்டில் அது 100. 'திருப்திகரம்' என்ற பிரிவு. அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டிவிடும். சில தனியார் செயலிகள் அமெரிக்கக் கணக்கைப் பயன்படுத்துகின்றன. இரண்டு செயலியும் பொய் சொல்லவில்லை, அளவுகோல்தான் வேறு. இனி எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தக் குறியீடு, எந்த நிலையம், எத்தனை மணி நேரச் சராசரி என்று பாருங்கள். பக்கத்தில் நிலையமே இல்லாத ஊருக்கும் ஓர் எண் வந்தால், அது பெரும்பாலும் செயற்கைக்கோளையும் கணினி மாதிரியையும் வைத்துப் போட்ட மதிப்பீடு.

அந்தக் 'சராசரி' என்ற சொல் முக்கியம். நம் குறியீட்டில் துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரிதான் கணக்கு. போகி விடியலில் மூன்று மணி நேரம் புகை மூட்டிவிட்டுப் போனால், நாள் முழுக்கப் பரவிய சராசரியில் அது கரைந்துபோகும். ஆகவே பண்டிகைக் காலையில் பி.எம். 2.5-இன் மணிவாரி அளவு இருந்தால் அதைத் திறந்து பாருங்கள்.

மீனவருக்கும் விவசாயிக்கும்

இது மூச்சோடு முடிகிற விஷயமில்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மீனவர்களுக்குச் சொல்கிறது. கடலின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள் பார்த்துத் தரும் தகவல் அது. கடலுக்கு மேலே செயற்கைக்கோள் பெறும் ஒளியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு காற்றிலிருந்து வருவது. மீதி ஒரு பங்கில்தான் கடலின் நிறம் இருக்கிறது. தூசிக் கணக்கில் சின்னப் பிழை வந்தாலும் கடலின் நிறத்தில் அது பெரிய பிழையாகிவிடும். அதை நம்பிப் போன படகின் டீசல் வீண்.

வயல்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ரேடார் செயற்கைக்கோள் தன் அலையைத் தானே அனுப்பும். அந்த அலை சென்டிமீட்டர் கணக்கில் நீளமானது. தூசிக்கும் மேகத்துக்கும் அது அசையாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தகைய ரேடார் படங்களைக் கொண்டு நெல் பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிட்டு வருகிறது. 2016-17 வறட்சியில் பயிர்க் காப்பீட்டு வேலைக்கும் இது உதவியது.

நீங்கள் செய்யக்கூடியது

பண்டிகைக் காலையில் மணிவாரி அளவு உயர்ந்திருந்தாலோ, எதிர்த்தெருக் கட்டடம் மங்கித் தெரிந்தாலோ, குழந்தைகளையும் இளைப்பு உள்ளவர்களையும் வெயில் ஏறும்வரை வீட்டுக்குள் வையுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். நடைப்பயிற்சியை மாலைக்குத் தள்ளுங்கள். வெளியே போயே ஆக வேண்டுமென்றால், துணி முகக்கவசம் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது, என்-95 போடுங்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மாடியிலிருந்து தூரத்துக் கோபுரம் ஒன்றை ஒரே இடத்தில் நின்று தினமும் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் நிலையம் இல்லாத ஊரில் காற்றின் போக்கு தெரிய அந்தப் படங்கள் உதவும்.

டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். பழைய பாயும் துணியும் தூய்மைப் பணியாளர்களிடம் தனியாகப் போகட்டும். உங்கள் வாசலில் எழுகிற புகையை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காமல் போகலாம். முதலில் சுவாசிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளைதான்.