ஐந்து தெற்கத்தியரும் ஒரு வங்கக் கழகமும்



நினைவுச் சொற்பொழிவுக்குக் கால்பந்துக் கழகத்தின் வரலாறா என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் கேட்டார்கள். பிரிவினையைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்திருக்கின்றன. ஊரை இழந்தவர்கள் புதிய ஊரில் எப்படித் தலைநிமிர்ந்தார்கள் என்பதைக் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் கதை அளவுக்கு வேறெதுவும் எனக்கு விளக்கியதில்லை. அந்தக் கதையின் நடுவில் நிற்பவர்கள் நம் பக்கத்து ஆட்கள். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

கழகம் பிறந்தது ஒரு மனத்தாங்கலில். 1920 ஜூலை 28 அன்று ஜோராபகான் கழகத்துக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம். ஜோராபகானுக்கு ஆட வேண்டிய சைலேஷ் போஸைக் கடைசி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று கொதித்தார் ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி. அவரும் அந்தப் பக்கத்தவர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இல்லை, விலகினார். நாலே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, புதுக் கழகம் உருவாயிற்று.

அப்போது இந்தியக் கால்பந்தின் பெருமை முழுவதும் மோகன் பகான்தான். 1889இல் தொடங்கிய கழகம். 1911 ஜூலை 29 அன்று ஒருவர் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கியவர்கள். அந்த வெற்றியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அடுத்த பதினான்கு ஆண்டுகளில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கல்கத்தா லீகின் முதல் டிவிஷனில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் கூடாது என்று விதி இருந்தது. 1924இல் இரண்டாம் டிவிஷனில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட ஈஸ்ட் பெங்கால், வாசலில் காத்து நின்றது. விதியைத் தளர்த்தும் பேச்சு வந்தபோது ஆங்கிலேயக் கழகங்கள் சம்மதித்தன. ஏற்கெனவே உள்ளே இருந்த மோகன் பகானும் ஆரியனும் எதிர்த்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 1925 மே 28 அன்று இரு கழகங்களும் லீகில் முதல் முறையாக மோதின. நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

முதல் லீக் பட்டம் 1942இல் வந்தது. 1945இல் லீகும் ஷீல்டும் சேர்ந்தே வந்தன. பிறகு 1947இல் பிரிவினை.

சியால்தா ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களில் குடும்பம் குடும்பமாகக் கிழக்கு வங்கத்து அகதிகள் தங்கினார்கள். ஜாதவ்பூர்ப் பக்கம் வெற்று நிலங்களில் தாங்களாகவே குடிசை போட்டுக் காலனிகளை எழுப்பினார்கள். வீடு, வயல், குளம் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். அவர்களுடைய பேச்சைக் கேட்டு நகரத்தார் சிரித்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் மைதானத்து மரக் காலரியில் ஏறி நின்று, விட்டு வந்த நாட்டின் பெயரைத் தொண்டை கிழியக் கூவலாம். 1955இல் அந்த மாகாணத்துக்கே கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அதன் பின்னும் பழைய பெயர் சிவப்பு, பொன்நிறச் சட்டையோடு கொல்கத்தாவில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சட்டையைப் போட்டவர்கள் யார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கழகத்தின் செயலாளர் ஜோதிஷ் குஹா, ஆள் தேடித் தெற்கே பார்த்தார். பெங்களூர் கண்டோன்மெண்டில் பட்டாளத்தார் ஆடுவதைப் பார்த்தே வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். 1937, 1938 இரண்டு ஆண்டும் ரோவர்ஸ் கோப்பையை வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் அந்த ஊர் அணிதான். 1949 வாக்கில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசை இப்படி அமைந்தது: வலது ஓரத்தில் வெங்கடேஷ், அவருக்கு உட்புறம் அப்பாராவ், நடுவில் தன்ராஜ், இடது உட்புறம் அகமது கான், இடது ஓரத்தில் சாலே. வெங்கடேஷும் தன்ராஜும் அகமது கானும் பெங்களூர். அப்பாராவ் ஆந்திரத்துக் காக்கிநாடா, 1941 முதலே கழகத்தில் இருந்தவர். சாலே மலபாரின் கோட்டக்கல். ஒருவர்கூட வங்காளி இல்லை.

அந்தக் காலத்து அணியமைப்பில் முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். உட்புறத்து இருவர் பந்தை வாங்கி, எதிராளியை இழுத்து, ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அப்பாராவும் அகமது கானும் அதைச் செய்தார்கள். பந்தைத் தூக்கி அடிக்கும் ஆட்டமில்லை அது. தரையோடு தரையாகக் குறுகிய பாஸ்கள், ஓடும்போதே இடம் மாறுதல். அகமது கான் வெறுங்காலில் ஆடியவர். காலடியில் பந்தை வைத்துக்கொண்டு எதிராளியை மயக்கி நிறுத்துவார் என்பதால் பாம்பாட்டி என்று பெயர் வாங்கினார். 1948 லண்டன் ஒலிம்பிக் அணிக்கு அவரும் தன்ராஜும் போனார்கள். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற அந்த நாளில் இந்தியாவின் ஒரே கோல் அகமது கானுடையது.

1949இல் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் மூன்றும் ஈஸ்ட் பெங்காலுக்கு. ஷீல்டு 1950, 1951 ஆண்டுகளிலும் கைவிட்டுப் போகவில்லை. 1951இலும் 1952இலும் தில்லியில் டுராண்ட் கோப்பை.

ரசிகர்கள் இந்த ஐவருக்கும் பஞ்ச பாண்டவர் என்று பெயர் வைத்தார்கள். அவையோரே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். 1950இன் தொடக்கத்தில் கிழக்கு வங்கத்தில் மீண்டும் கலவரம் வெடித்து, இந்துக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தன. கொல்கத்தாவிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டு, அதே மக்கள் நிறைந்த காலரியில், அகமது கானும் சாலேயும் பாண்டவர்களாக வாழ்த்தப்பட்டார்கள். மதவெறி அதனால் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிறந்த ஊரைச் சொல்லி ஒருவனை வெளியே நிறுத்தியதால் தோன்றிய கழகம், தான் ஆளெடுக்கும்போது பிறந்த ஊரையும் மதத்தையும் பார்க்கவில்லை. ஈஸ்ட் பெங்காலின் உண்மையான பெருமை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கோப்பைகளை இதற்கு அடுத்துத்தான் வைப்பேன். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் போயிற்றே என்ற குறை அன்றும் எழுந்தது, நியாயமான குறைதான். இருந்தும் குஹாவின் தேர்வு கழகத்தைப் பெரிதாக்கியது.

பிறகு வந்த தமிழ்நாட்டுத் தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் ஆடிய உயரமான கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் கோல் காத்தார்.

1975 ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று வென்றதை இன்றும் கொல்கத்தாவில் பேசுகிறார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றால் நாம் உல்லம் என்று சொல்லும் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் வீட்டுக்கு வரும். இந்த இனிமைக்கு ஒரு கொடிய மறுபக்கம் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இவ்விரு கழகங்களின் ஆட்டத்தில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே இரத்ததானம் செய்கிறார்கள்.

குடியுரிமைச் சட்டத் திருத்தம் பற்றி நாடே வாதிட்டுக்கொண்டிருந்த 2020 ஜனவரியில், சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பெரும் பதாகை ஒன்றை விரித்தார்கள். இந்த மண்ணை இரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் கொடுத்தல்ல என்பது அதன் கருத்து. விரித்தவர்களில் பலர் அகதிகளின் பேரப்பிள்ளைகள்.

ஆண்கள் அணி பல ஆண்டுகள் தேசியப் பட்டம் இன்றித் தவித்து, 2024 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பையை வென்றது. 2024-25இல் பெண்கள் அணி இந்திய மகளிர் லீகின் பட்டத்தையே வென்றுவிட்டது. பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் ஒடிசா அணிக்கு எதிராக ஒரே கோலை அடித்தவர் தெலங்கானாவின் சௌம்யா குகுலோத். அந்த அணியில் நம் கடலூர் மாவட்டத்து சந்தியா ரங்கநாதனும் இருந்தார்.