தென்புறத்து ஊர்களின் வரலாறு

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம் ஆகிய ஊர்களைச் சென்னையின் புறநகர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பட்டணத்தில் இடம் போதாமல் முளைத்த குடியிருப்புகள், இவற்றுக்கென்று வரலாறு ஏது என்பது பலருடைய எண்ணம். சான்றுகளைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவிதான், இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததை உலகுக்குக் காட்டியது. 1639-இல் தோன்றிய சென்னப்பட்டினத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே இங்கே மனிதர் நடமாடியிருக்கிறார்கள். அதே பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இருக்கிறது. திருநீர்மலை திருமங்கையாழ்வார் பாடிய தலம். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த துணி நைஜீரியா வரை விலைபோனது. ஆனால் அது ஏற்றுமதியானது 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில். நெய்த ஊரின் பெயர் வெளியே தெரியவில்லை.

இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்தவர்கள், அவர்களுக்கு இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். இந்த ஊர்களுக்கு அண்மைக்காலப் பெருமை சேர்த்தவர்களும் வந்தவர்கள்தாம். இங்கிலாந்தில் கணித மேதை இராமானுஜனுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் சௌரிமுத்து, 1928-இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. அங்கே வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளர்த்த மரங்கள் இன்றும் நிழல் தருகின்றன. நேற்று வந்தவருக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு என்பதை இவர்களே காட்டுகிறார்கள்.

குடிநீரும் சாலையும் சரியாக இல்லாதபோது வரலாறு அவசியமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஏரி எதுவரை பரந்திருந்தது, கலங்கல் எங்கே, உபரிநீர் எந்த வழியாகப் போனது என்பதும் ஊர் வரலாறுதான். பழைய நீர்வழியை அறியாமல் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியபோது கண்டோம்.

2021-இல் பீர்க்கன்கரணை உட்பட பத்து உள்ளாட்சிகள் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. வரி வசூலுக்கும் குப்பை அகற்றவும் ஒன்றான ஊர்கள், தங்கள் நினைவையும் ஒன்றாகக் காக்க வேண்டும். மாநகராட்சிக்கென்று ஓர் அருங்காட்சியகம், பள்ளிகளில் ஊர் வரலாற்றுப் பாடம், ஒவ்வோர் ஏரிக்கரையிலும் அதன் பழைய எல்லையைக் காட்டும் பலகை ஆகிய மூன்றையும் நம் வார்டு உறுப்பினர்களிடம் கேட்போம்.