நாளுக்குப் பெயரிட்டவர் யார்?



பிள்ளைக்குப் பெற்றோர் பெயரிடுவர். பேரூருக்கு ஆள்வோர் பெயரிடுவர். பிணக்குவியலுக்குப் பெயரிடுவது யார்? கேட்கவே நெஞ்சு கூசுகிறதல்லவா! ஆயினும் அந்தப் பணி நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடத்துவோர் ஏடுகளின் செய்தி மேசையிலே வீற்றிருப்போர்.

2001 ஆம் ஆண்டு செப்டம்பர் 11. நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்கள் சரிந்தன. பென்டகன் தாக்குண்டது. நான்காவது விமானம் பென்சில்வேனியாவின் வெளியொன்றிலே வீழ்ந்தது. கொல்லப்பட்டோர் 2,977 பேர். அந்தக் குருதியை எண்ணி உருகாதவன் மனிதனல்லன். ஆனால், அந்தக் கொடுமைக்கு வந்து ஒட்டிக்கொண்ட பெயர் என்ன? நைன் இலெவன்! ஊரின் பெயரில்லை, கொன்றவன் பெயரில்லை, ஆண்டுகூட இல்லை, இரண்டே எண்கள். அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். ஆபத்திலே அவர்கள் அழைக்கும் தொலைபேசி எண்ணும் 911. காதிலே விழுந்தவுடன் அபாய மணி அடித்தாற்போல் ஆயிற்று. பற்றிக்கொண்டது, பாரெங்கும் பரவியது.

நாமோ நாளை முன்னே எழுதுபவர்கள். நம் வழக்கப்படி 9/11 என்றால் நவம்பர் 9. 1989 ஆம் ஆண்டு அந்த நாளில்தான் பெர்லின் சுவர் திறந்தது. மக்கள் ஆனந்தக் கூத்தாடினர்! கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான்; கணக்கிலே புலியுமல்லன். எனக்கே புரிகிற இது, ஏட்டாசிரியர்களுக்கா புரியாது? புரியும். புரிந்தேதான் எழுதினர். இரவல் சட்டை அளவு பொருந்தாவிட்டாலும், பெரிய வீட்டுச் சட்டையாயிற்றே!

2006 ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று மும்பையின் புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து, 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேலை முடிந்து வீடு திரும்பிய கூட்டம். நம் நாட்டு ஆங்கில ஏடுகள் அதற்கு இட்ட பெயர் 7/11. மாண்டது மும்பையிலே, மாதத்தை முன்வைத்தது அமெரிக்க முறையிலே! எண் உடனே கிடைத்தது. கொன்றவன் கிடைத்தானா? அவ்வழக்கிலே தண்டிக்கப்பட்டிருந்த 12 பேரின் தண்டனையையும், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2025 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் நீக்கியது. அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது.

இரண்டாண்டுக்குப் பின், 2008 நவம்பரில், அதே நகரம், அதே ஏடுகள். இம்முறை பெயர் 26/11. இப்போது நாள் முன்னே வந்துவிட்டது! 11/26 என்பது நாவிலே ஏறவில்லை போலும். 26 ஆம் நாள் இரவு தொடங்கிய அந்த வெறியாட்டம் 29 ஆம் நாள் காலைவரை நீண்டது. 166 உயிர்களைக் குடித்தது. அவர்களில் 50க்கும் மேற்பட்டோர் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்திலே மூட்டை முடிச்சோடு காத்திருந்த எளியோரும் அவர்களைக் காத்து நின்றோருமே. ஒளிப்படக் கருவிகளோ தாஜ் விடுதியின் மாடத்தை விட்டு அகல மறுத்தன.

"இது இந்தியாவின் 9/11" என்று அன்று முழங்கினார்கள். நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே ஒன்று சொல்வேன்: பாத்திரத்துக்கு இராவணன் என்று பெயரிட்டுவிட்டால், அடுத்த காட்சியிலே போர்க்களம் போட்டாகவேண்டும். அமெரிக்கா தன் 9/11க்குப் பிறகு என்ன செய்தது? அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானிலே குண்டுமாரி. 2003 மார்ச்சில் ஈராக். அந்த ஈராக்குக்கும் இரட்டைக் கோபுரத்துக்கும் தொடர்பில்லை! அந்தப் பெயரை நம் துயரத்தின் தலையிலே சூட்டுகிறவன், அடுத்த காட்சியையும் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுகிறான். அன்று போர் மூளவில்லை. அது பெயர் வைத்தவர்களின் புண்ணியமல்ல.

சரி, எல்லாப் பிணத்துக்கும் எண் உண்டா? மாட்ரிட் ரயில்களில் 2004 ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று வெடித்ததை ஸ்பானியர் 11-எம் என்றனர். 2005 ஜூலை 7 இலண்டனுக்கு 7/7. சோமாலியாவின் தலைநகர் மொகதிசு? 2017 அக்டோபர் 14 அன்று அங்கே, போக்குவரத்து நெரிந்த நாற்சந்தியிலே, லாரி நிறைய வெடிமருந்து வெடித்தது. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஊரார் அந்நாளை மறக்கவில்லை. உலகத்து ஏடுகளிலே அதற்கு ஒரு எண் உண்டா? உங்களில் எத்தனை பேருக்கு அந்த நாள் தெரியும்? எனக்கும் நெடுநாள் தெரியாது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

நம் வீட்டுக்கே வருவோம். 1998 பிப்ரவரி 14. கோவையிலே 58 பேரைக் குண்டுகள் கொன்றன. நாம் எண் வைக்கவில்லை. ஊரின் பெயரையே குண்டுவெடிப்போடு சேர்த்துக் கட்டிவிட்டோம். அதுவும் பழுதற்ற வழியல்ல. நூற்பாலையும் விசைத்தறியும் வளர்த்த ஊரைப் பேச்செடுத்தாலே, வெடிச்சத்தத்தை நினைக்கிறவர் இன்றும் உண்டு.

இத்தாலியிலே பொலோனா என்றொரு நகரம். 1980 ஆகஸ்டு 2 அன்று அதன் ரயில் நிலையத்திலே குண்டு வெடித்து 85 பேர் மாண்டனர். நிலையத்துச் சுவரிலே உள்ள கடிகாரம் ஒன்று, வெடித்த நேரமாகிய 10.25லேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வண்டிக்கு விரைகிற வெளியூர்ப் பயணி அண்ணாந்து மணி பார்ப்பான். நேரம் பொருந்தவில்லையே என்று அருகிலிருப்பவரைக் கேட்பான். உள்ளூர்க்காரராயிருந்தால் அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்று நடந்ததைச் சொல்லத் தொடங்குவார்.